ஒன்பது பேர், ஒரு கொல்கத்தா, மாதம் 2,500 ரூபாய்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் தினமும் காலையில் சேர்ந்து நடக்கும் ஒன்பது பெண்கள் நாங்கள். வயது 34 முதல் 66 வரை. இருவருக்கு வங்கி வேலை. ஒருவர் தனியார் பள்ளி ஆசிரியை, ஒருவர் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர், ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், மற்றவர்கள் வீட்டில் இருப்பவர்கள். வரும் ஜனவரியில் கொல்கத்தா போய் நான்கு இரவு தங்கி, தாகூர் வீடு, விக்டோரியா நினைவகம் பார்த்து, புடவையும் வாங்கி வர ஆசை. ஜூன் முதல் மாதம் 2,500 ரூபாய்தான் முடியும் என்கிறார்கள் இருவர்; வங்கித் தோழிகள் 5,000 போடலாம் என்கிறார்கள். ஏலச் சீட்டு நடத்தலாம் என்று ஒருவர், ஆர்.டி. போடலாம் என்று இன்னொருவர். ஒரு டிராவல்ஸில் விமானத்தோடு தலைக்கு 32,000, இ.எம்.ஐ.யும் உண்டு என்றார்கள். தையல் கடைத் தோழி, அங்கே மொத்த விலைக்கு 40 புடவை எடுத்து வந்து விற்றால் பயணச் செலவே வந்துவிடும், அதற்கு நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். பணம் முழுக்க என் கணக்கில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வழி சொல்லுங்கள்.
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: 2,500 என்று வாய் திறந்து சொன்ன அந்த இருவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். உங்கள் பட்ஜெட்டை அவர்கள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குழுவாகப் போகும்போது இரண்டுக்கும் நடுவே 3,500 என்று முடிவு செய்வது வழக்கம். அப்படிச் செய்தால் அந்த இருவரும் இரண்டு மாதம் கட்டிவிட்டு, மூன்றாம் மாதம் ‘வீட்டில் விசேஷம்’ என்று ஒதுங்கிக்கொள்வார்கள். காரணத்தை யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனவே பொதுச் செலவு எல்லோருக்கும் ஒரே அளவு, குறைவாகக் கட்டுபவரின் கைக்கு எட்டும் அளவு. அதற்கு மேல் வசதி உள்ளவர்கள் தங்கள் காசைப் புடவையில் காட்டிக்கொள்ளட்டும்.

ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதம்; 2,500 வீதம் 17,500 ரூபாய். இதற்குள் கொல்கத்தா முடியுமா? முடியும். என் கணக்கைச் சற்றுத் தாராளமாகவே போட்டிருக்கிறேன். மூன்றடுக்கு ஏ.சி.யில் போக வர 5,000. ரயிலில் சாப்பாட்டுக்கு 1,000. மூவர் தங்கும் அறை வரியோடு ஒரு நாளைக்கு 2,700 என்றால் தலைக்கு 900, நான்கு இரவுக்கு 3,600. ஊரில் சாப்பாடு ஐந்து நாளுக்கு 3,000. உள்ளூர்ப் போக்குவரத்து 1,000, நுழைவுக் கட்டணங்கள் 400, எதிர்பாராத செலவுக்கு 1,500. மொத்தம் 15,500. மீதி 2,000 அவரவர் கைக்காசு. வங்கித் தோழிகளின் கையில் இன்னும் 17,500 கூடுதலாக இருக்கும். அது அவர்கள் பாடு, பொதுப் பைக்குள் வரக் கூடாது.

ஏலச் சீட்டு இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குப் பணம் தேவைப்பட்டால்தான் சீட்டில் தள்ளி எடுக்க, அதாவது கழிவு விட்டு முன்கூட்டியே எடுக்க, ஆள் இருக்கும். உங்கள் ஒன்பது பேருக்கும் பணம் தேவைப்படுவது ஒரே நேரத்தில். ஜூலையில் தள்ளி எடுத்தவர் அதை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டு, ஜனவரியில் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்புதான் அதிகம். தவிர, 1982ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி சீட்டு நடத்த முன் அனுமதியும் பதிவும் வேண்டும். நடைத்தோழிகளுக்குள் அந்த வம்பு எதற்கு?

ஆர்.டி. நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே தேதி உதைக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதாவது நவம்பரிலேயே போகும் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். ஏழு மாத ஆர்.டி. அப்போது முதிர்ந்திருக்காது. வட்டி போய்விடுமே என்று கவலைப்பட்டால், 6 சதவீதத்தில் ஏழு மாதத்துக்கு ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய வட்டி மொத்தமே சுமார் 350 ரூபாய். சேமிப்புக் கணக்கில் அதில் ஒரு பங்கு எப்படியும் வரும். எனவே சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுத் திட்டம், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டிராவல்ஸ்காரர் சொன்ன 32,000 கொள்ளை என்று சொல்ல மாட்டேன். விமானமும் அதில் இருப்பதால் என் 15,500-ஐ அதோடு நேருக்கு நேர் வைப்பது நியாயமில்லை. ஒன்றரை நாள் ரயிலில் உட்கார முடியாது என்று 66 வயதுத் தோழி சொன்னால் கணக்கே வேறு. ஆனால் இ.எம்.ஐ.யில் சுற்றுலா போவதை நான் எப்போதும் தடுப்பேன். ‘வட்டி இல்லை’ என்று சொல்லும் திட்டத்திலும் செயலாக்கக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று வந்து சேரும். ஒரு தவணை தவறினால் அபராதம் தனி. ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்தும் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுவது சலிப்பான வேலை. இன்னொன்று: பேக்கேஜில் ‘ஷாப்பிங்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் வண்டி ஒரே கடை வாசலில் நிற்கும். எந்தக் கடை, ஏன் அந்தக் கடை என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இனி ரயில். திருச்சியிலிருந்து ஹவுராவுக்கு நேரடி எக்ஸ்பிரஸ் உண்டு, வாரம் இரண்டு நாள்தான். அதில் போய் அதிலேயே வருவதானால் தங்கும் இரவுகளின் எண்ணிக்கை மாறலாம். நான்கு இரவுதான் என்றால் ஒரு பக்கம் சென்னை வழியாக ஹவுரா மெயிலிலோ கோரமண்டலிலோ வரத் தயாராக இருங்கள். கோரமண்டல் கிளம்புவது ஷாலிமாரிலிருந்து, ஹவுராவிலிருந்து அல்ல என்பது நினைவிருக்கட்டும்.

டிக்கெட் போடும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் ஏற்க மாட்டார்கள் என்பதால் ஆறும் மூன்றுமாகப் பிரிக்கத் தோன்றும். வேண்டாம். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்து, இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருந்தால்தான் கிடைக்கும். மூன்றாவது பெயர் சேர்ந்தாலோ, 34 வயதுக்காரர் ஒருவர் கூடச் சேர்ந்தாலோ ஒதுக்கீடு போச்சு. எனவே மூத்தவர்கள் நால்வரை இரண்டு இரண்டாக அந்த ஒதுக்கீட்டில் போடுங்கள், மற்ற ஐவருக்கு ஒரு டிக்கெட். பெட்டி மாறி விழலாம். பகலில் போய் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், இரவில் முழங்கால் வலியோடு நடுப்படுக்கை ஏறுவதைவிட அது மேல். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

தேதியைப் பொங்கல் விடுமுறையில் வைக்க யாராவது சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். நமக்குப் பொங்கல் வரும் நாளில்தான் வங்காளத்தில் மகர சங்கராந்தி, கங்கை கடலில் கலக்கும் இடத்தில் நீராடும் கங்காசாகர் மேளா. நாடு முழுவதிலுமிருந்து யாத்திரிகர்கள் கொல்கத்தா வழியாகத்தான் போவார்கள். மலிவு விடுதிகளும் ரயில்களும் நிரம்பி வழியும். ஜனவரி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு போங்கள், குடியரசு தினத்தை ஒட்டி வேண்டாம்.

தங்குமிடத்தில்தான் குழுக்கள் ஏமாறுகின்றன. ஊருக்கு வெளியே ராஜர்ஹாட் பக்கம் அதே விலைக்குப் பளபளப்பான அறை கிடைக்கும். ஆனால் நீங்கள் ஒன்பது பேர். நால்வர் உட்காரும் காரில் எட்டுப் பேருக்கு இரண்டு வண்டி, ஒன்பது பேருக்கு மூன்று. காலையும் மாலையும் மூன்று டாக்ஸி என்றால், அறையில் மிச்சம் பிடித்தது இரண்டே நாளில் போய்விடும். கொல்கத்தாவின் பழைய வடக்கு–தெற்கு மெட்ரோ பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்சிணேசுவரம் அதன் வடகோடி நிலையம். களிமண் சிலை செய்பவர்கள் வாழும் குமார்துலிக்கு ஷோபாபஜாரிலும் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீட்டுக்குக் கிரீஷ் பார்க்கிலும் இறங்கலாம். நியூ மார்க்கெட்டுக்கு எஸ்பிளனேடு, இந்திய அருங்காட்சியகத்துக்குப் பார்க் ஸ்ட்ரீட், கோயிலுக்குக் காளிகாட். ஹவுரா ஸ்டேஷனிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஹூக்ளி நதிக்கு அடியில் போகும் மெட்ரோ 2024 முதல் ஓடுகிறது. ஒன்பது பேரின் மெட்ரோ டிக்கெட்டும் சேர்ந்தால்கூட ஒரு டாக்ஸி வாடகைக்கு வராது.

ஆகவே எஸ்பிளனேடுக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே தேடுங்கள். அருங்காட்சியகத்தை ஒட்டிய சடர் ஸ்ட்ரீட்டில் மலிவு விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. நியூ மார்க்கெட் நடக்கும் தூரம். மிடில்டன் ரோவில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதியும் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். பழைய கட்டடங்கள் என்பதால் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, அறைக்கு ஜன்னல் உண்டா, மூன்றாவது கட்டில் உண்மையான கட்டிலா, தரையில் போடும் மெத்தையா? ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் பில்லில் போட்டால் கேளுங்கள். ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் அறை நூறு, இருநூறு கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

ஏனென்றால் ஒன்பதில் ஒருவர் கட்டாயம் கடைசியில் தயங்குவார். அதற்கான விதியை இப்போதே, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். என் யோசனை: விலகுபவருக்கு ரயில்வே திருப்பித் தருவது முழுவதும் அவருக்கே, சாப்பாடு, போக்குவரத்துப் பணமும் அவருக்கே. அறைப் பங்கு 3,600 மட்டும், மாற்று ஆள் வந்தால் திரும்பும், வராவிட்டால் பொதுப் பையில் நிற்கும். மூவர் அறையில் இருவர் தங்கினாலும் விடுதி வாடகையைக் குறைக்காது அல்லவா? மாற்று ஆளாகத் தோழியை அதே டிக்கெட்டில் அனுப்ப முடியாது. மகள், சகோதரி, தாய் போன்ற நெருங்கிய உறவு என்றால், ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றலாம்.

ஷாப்பிங்குக்கு நாள் பார்க்க வேண்டும். ஞாயிறன்று பாராபஜார் மொத்த விற்பனைக் கடைகளும் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். திங்களன்று விக்டோரியா, இந்திய அருங்காட்சியகம் இரண்டும் விடுமுறை. ஆக, ஞாயிறு பார்ப்பதற்கு, திங்கள் வாங்குவதற்கு. குமார்துலியில் அந்தச் சமயம் சரஸ்வதி பூஜைக்குக் களிமண் சிலைகள் வைக்கோல் கட்டோடு நிற்கும், காசு கொடுக்காமல் பார்க்கக் கூடிய அருமையான காட்சி. தாந்த் பருத்திப் புடவைக்குக் கரியாஹாட். பேரம் பேச வராதவர்கள் டாகுரியா பக்கம் தட்சிணாபண் வளாகத்தில் உள்ள மாநில அரசு விற்பனை நிலையங்களுக்கோ அரசின் தந்துஜா கடைக்கோ போகலாம். பாலுச்சரி பட்டு ஆசைப்பட்டு எடுக்கும் விலையில் இருக்காது, தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். கரியாஹாட்டிலிருந்து அதிக தூரமில்லாத லேக் மார்க்கெட்டில் பல தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள், மூன்றாம் நாள் இட்லிக்கு ஏங்குபவரை அங்கே அழைத்துப் போங்கள். ஜனவரியில் பனங்கற்கண்டு வாசம் வரும் ஈச்ச வெல்லம், நோலன் குர், கிடைக்கும். அதில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், ஒன்றரை நாள் தாங்காது. கட்டி வெல்லம் தாங்கும்.

தையல் கடைத் தோழியின் 40 புடவை யோசனையைக் கேலி செய்யாதீர்கள், அவருக்குத் துணி தெரியும். ஆனால் அது வியாபாரம், பயணம் அல்ல. நகை வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, விற்காத பத்துப் புடவை இருந்தாலே லாபம் முழுக்கப் போய்விடும். கடனுக்குக் கொடுத்த புடவைக்கு ஸ்ரீரங்கத்தில் பணம் எப்போது வரும் என்பது அவருக்கே தெரியும். மூன்றடுக்கு ஏ.சி.யில் ஒருவருக்கு இலவசச் சுமை 40 கிலோதான், அவர் துணிமணியும் அதற்குள் அடங்க வேண்டும். இந்த முறை தன் 2,000-க்குள் நான்கு புடவை எடுத்து விற்றுப் பார்க்கட்டும். மொத்தக் கடையின் போன் நம்பரையும் பார்சல் கட்டணத்தையும் வாங்கி வரட்டும். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் தலையில் விழுந்திருக்கும் பொறுப்பு. வீட்டுக் கணக்கில் இந்தப் பணத்தைக் கலக்காதீர்கள். வங்கித் தோழி ஒருவரோடு சேர்ந்து, இருவரில் யாரும் எடுக்கும்படி ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் பணம் முடங்காது. ஒன்பது பேரும் 5ஆம் தேதிக்குள் ‘கொல்கத்தா’ என்று குறிப்பிட்டு யு.பி.ஐ.யில் அனுப்பட்டும். பொதுப் பைக்கு மாதம் 2,215 போதும், ஏழு மாதத்தில் 15,500 வந்துவிடும்; மீதி அவரவரிடமே. மொத்தம் 1,39,500 ரூபாய் உங்கள் பெயரில் வருவதால் வருமான வரி வருமா என்று யாராவது பயமுறுத்தலாம். பொதுச் செலவுக்காகக் கையாளும் பணம் உங்கள் வருமானமும் இல்லை, அன்பளிப்பும் இல்லை. வாட்ஸ்அப் பதிவுகளையும் பில்களையும் வைத்திருங்கள், போதும். கிரெடிட் கார்டில் எல்லோருக்கும் சேர்த்து நீங்களே போடுவதாக இருந்தால், கணக்கில் பணம் வந்து சேர்ந்த பிறகு மட்டும் போடுங்கள். கெடு தாண்டினால் ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி, அதைத் தோழிகளிடம் வசூலிக்க உங்களுக்கு வாய் வராது.

திரும்பி வந்த வாரத்திலேயே கணக்கை முடித்து, எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியதில் மிஞ்சியதை ஒன்பது பங்காகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ‘அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்’ என்று வங்கித் தோழிகள் சொல்வார்கள். மாதம் 2,500தான் முடியும் என்ற அந்த இருவரும் சொன்னால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.