பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களின் அமெரிக்க மறுஆக்கங்களில் சில மட்டுமே வெற்றி பெறுவது ஏன்?

மூலத்தின் வசனங்களை அப்படியே எடுத்துக்கொள்வது எந்த மறுஆக்கத்தையும் காப்பாற்றுவதில்லை. அலுவலக வாழ்க்கையைக் கேலி செய்யும் 'தி ஆபீஸ்' தொடர் இதற்குத் தெளிவான சான்று.

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் உருவாக்கிய மூலத் தொடர், 2001இல் பிபிசியில் தொடங்கி, 12 பகுதிகளோடும் 2003 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளோடும் முடிந்தது. அதன் முதல் பகுதியில், மேலாளர் டேவிட் பிரெண்ட், புதிதாக வந்தவர் முன்னால் வேடிக்கை காட்டுவதற்காக, ஒட்டுத்தாள்களைத் திருடியதாகக் குற்றம் சாட்டி, வரவேற்பாளர் டானை வேலையைவிட்டு நீக்குவதாக நடிக்கிறார். அந்தப் பெண் அழத் தொடங்கியதும், சிரிக்கவைக்க எண்ணிய மனிதர் செய்வதறியாது நிற்கும் அந்தச் சங்கடமே தொடரின் உயிர்.

2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி ஒளிபரப்பிய அமெரிக்க வடிவத்தின் முதல் பகுதியிலும் இதே காட்சி உண்டு. ஆறே பகுதிகள் கொண்ட முதல் பருவம் பலருக்கு வெறும் நகலாகவே பட்டது. பிரெண்டின் இடத்தில் ஸ்டீவ் கரெல் நடித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட்டை, ஊழியர்கள்மீது பாசமும் உண்மையான விற்பனைத் திறமையும் உள்ளவராக இரண்டாம் பருவத்தில் மாற்றிய பிறகே அது தனக்கென ஒரு முகத்தைப் பெற்று, 2013 வரை 201 பகுதிகள் ஓடியது.

மூலத்தின் ரசிகர்கள் பலர் இந்த மாற்றத்தை நீர்த்துப்போதல் என்கின்றனர். அவர்களுடைய ஆதங்கம் புரிந்தாலும், அதை நான் ஏற்கவில்லை. பிரெண்டின் தனிமையை இருநூறு பகுதிகளுக்கு நீட்டினால் எந்தப் பார்வையாளராலும் தாங்க முடியாது.

மாறாக, பிரிட்டிஷ் வசனங்களைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றிய 'கப்ளிங்' மறுஆக்கத்தை, 2003இல் நான்கே பகுதிகளோடு என்பிசி நிறுத்திவிட்டது.