பழைய கோல்ட்விங் டிரைக்கில் எந்த வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்?

1990-களில் தயாரான ஹோண்டா கோல்ட்விங் மோட்டார் சைக்கிள் ஒன்றை, பின்னால் இரண்டு சக்கரங்கள் பூட்டி டிரைக்காக மாற்றிய நிலையில் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடுதல் விளக்குகளும் சூடேற்றும் உடைகளும் பொருத்தும் எண்ணம் இருக்கிறது, இதில் எதை வீட்டிலேயே செய்யலாம், எதற்குப் பட்டறைக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கேள்வி. அந்தக் காலக் கோல்ட்விங்கின் மாடலான ஜி.எல். 1500 வகை டிரைக்கை நான் ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதன் வேலைகளில் பெரும்பாலானவற்றை என் வீட்டு வண்டிக்கொட்டகையிலேயே செய்திருக்கிறேன் என்பதால், பட்ட அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு அருகில். இந்த வண்டி உருவான மேரிஸ்வில் தொழிற்சாலை இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். 1980 முதல் 2009 வரை கோல்ட்விங்குகள் அங்கேதான் தயாராயின. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, கிட்டத்தட்ட 400 கிலோ எடையுள்ள இரு சக்கர வண்டியைச் சிக்னலில் காலூன்றித் தாங்க முடியாமல் போனதால், ஏற்கெனவே டிரைக்காக மாற்றப்பட்டிருந்த ஒன்றை வாங்கினேன். உங்களைப் போலவே நானும் முதலில் விளக்குகளைப் பற்றித்தான் யோசித்தேன். வண்டி எனக்கு வேறு வரிசையில் பாடம் நடத்தியது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு வண்டியல்ல, இரண்டு வண்டிகளின் சேர்க்கை. கியர் பாக்ஸ் வரை உள்ள முன்பாதி ஹோண்டாவினுடையது. அதற்கு ஹோண்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு உண்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் என்ற கணக்கும் அதில் உண்டு. அதற்குப் பின்னால் உள்ள டிரைவ் ஷாஃப்ட், சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல், அச்சு, சக்கரங்கள், பின் பிரேக்குகள், பின் உடல் எல்லாம், வண்டியை டிரைக்காக மாற்றும் பாகங்களின் தொகுப்பை, அதாவது கிட்டை, செய்த நிறுவனத்தினுடையவை. அவற்றைப் பற்றி ஹோண்டாவின் கையேட்டில் ஒரு வரிகூட இருக்காது. என் வண்டியில் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பாதிகளும் ஒட்டும் இடத்தில் வந்தவையே. ஆகவே கிட்டின் பொருத்தும் குறிப்பேடு உங்களிடம் இல்லையென்றால், எந்த உதிரிப் பொருளும் வாங்கும் முன் அதைத் தேடிப் பெறுங்கள்.

ஒட்டும் இடங்களில் மிக எளிதாகப் பார்க்கக்கூடியது வயரிங். இருக்கையைக் கழற்றி, பின் விளக்குகளுக்குப் போகும் வயர்கள் மூல வயர்களோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். என் வண்டியை மாற்றியமைத்த பட்டறை, வயரை வெட்டாமலே மேலே வைத்து அழுத்திப் பூட்டும் நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பயன்படுத்தியிருந்தது. அந்தக் கிளிப்பின் உள்ளே இருக்கும் சிறு தகடு வயரின் உறையைக் கிழித்து உள்ளிழையைத் தொடும். அதே கிழிசல் வழியாக ஈரமும் உள்ளே போகும். ஒரு கிளிப்பைப் பிரித்துப் பார்த்தபோது செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பேறி, விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பிரேக் விளக்கு சில நாள் எரிவதும் சில நாள் எரியாமல் இருப்பதும் அதனால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. களிம்பு தெரியும் இடத்துக்கு அப்பால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடி, ஒவ்வோர் இணைப்பையும் புதிதாகச் செய்தேன். இரண்டு வார இறுதிகள் ஆயின. செலவு என்று பார்த்தால் மிகச் சொற்பம். ஆனால் இதைவிடப் பயனுள்ள மேம்பாடு எதையும் நான் அந்த வண்டிக்குச் செய்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

வயர்கள் சரியான பிறகே கூடுதல் விளக்குகளைப் பற்றி நினைக்க வேண்டும். அதிலும் முதலில் கணக்குப் போட வேண்டும். எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஜி.எல். 1500-இன் மூல வடிவில் 40 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 546 வாட் தரக்கூடியது, அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். தலைவிளக்கு, இக்னிஷன், எரிபொருள் பம்ப், ரேடியேட்டர் விசிறி, ஆடியோ எல்லாம் அதிலிருந்துதான் உண்ண வேண்டும். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு மாட்டினால் 110 வாட் போய்விடும். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஆளுக்கு ஒரு சூடேற்றும் உடை போட்டால், உடைக்கு 80 வாட் என்று வைத்தாலும் இன்னொரு 160 வாட் தேவை. மொத்த உற்பத்தியில் பாதி உங்கள் சேர்க்கைகளுக்கே போனால், மெதுவாக ஊர்ந்துசெல்லும் போக்குவரத்தில் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் ஒரு வோல்ட் மீட்டர் பொருத்துங்கள். ஓட்டத்தில் அது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டபின் 13-க்குக் கீழே இறங்கினால், சேர்த்ததில் எதையாவது குறைக்க வேண்டும் என்று பொருள். ஹாலஜனுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகளைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்கு மேலும் மின்சாரம் தேவைப்பட்டால் 90 ஆம்பியர் வரை தரும் மாற்று ஆல்டர்னேட்டர்கள் கிடைக்கின்றன, வீட்டிலேயே மாற்றவும் முடியும். ஆனால் பழைய சார்ஜிங் வயர் 40 ஆம்பியருக்கு அளவானது. புதிய ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த வயர் ஒன்றைத் தனி ஃபியூஸோடு நேரே பேட்டரிக்குக் கொண்டுபோகாமல், பழைய இணைப்பியிலேயே செருகினால், அந்த இணைப்பி உருகிப்போகும். கூடுதல் கருவிகள் ஒவ்வொன்றையும் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக, தனித்தனி ஃபியூஸ் உள்ள ஒரு ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுங்கள். வண்டியின் மூல வயர்களில் கொக்கி போடாதீர்கள்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வண்டியில் கைப்பிடி முன்சக்கரத்தின் வலது டிஸ்க்கை மட்டும் பிடிக்கும். கால் மிதி பின் பிரேக்கையும் முன்சக்கரத்தின் இடது டிஸ்க்கையும் சேர்த்துப் பிடிக்கும். நான் வாங்கிய முதல் கோடையில் ஹாக்கிங் மலைப்பகுதியிலிருந்து 33-ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது, வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போன்ற உணர்வும், அதைத் தொடர்ந்து தீய்ந்த வாடையும் வந்தன. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் வலது டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. கைப்பிடியை விட்ட பிறகும் பிரேக் விடவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில், ஆயிலை வெளியேற்ற உள்ள நிப்பிள் என்னும் சிறு திருகைச் சற்றுத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் பீறிட்டு வெளியே வந்தது, சக்கரம் விடுபட்டது. நிப்பிளை மீண்டும் இறுக்கிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல், கால் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

காரணம், கைப்பிடியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்தது. பிரேக் ஆயில் கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது எளிதில் தெரியும். மற்றது கால் மில்லிமீட்டர் அளவே உள்ள நுண்துளை, சிறு தடுப்புத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். கைப்பிடியை விட்டதும், சூட்டில் விரிந்த ஆயில் அந்த நுண்துளை வழியாகத்தான் கிண்ணத்துக்குத் திரும்ப வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயில் கூழாகி அதை அடைத்துவிட்டால், அழுத்தம் உள்ளேயே சிக்கி, காலிப்பரில் உள்ள பேட் என்னும் உராய்வுத் தகடு டிஸ்க்கைத் தேய்க்கும், தேய்ப்பில் சூடேறும், சூட்டில் ஆயில் மேலும் விரிந்து பிடி இன்னும் இறுகும். ஊசியைப் போட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிட்டார் பழகும் என் மகளிடம் அறுந்துபோன மிக மெல்லிய தந்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் நுனியை நேராக்கி, துளைக்குள் விட்டு இரண்டு மூன்று முறை மேலும் கீழும் இழுத்தேன். பின்னர் கைப்பிடியை மெல்லத் தொட்டபோது நுண்துளைக்கு மேல் ஊற்றுக்கண் போல ஆயில் சிறிதாகக் கொப்பளித்தது. துளை திறந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். கிளட்சும் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகை என்பதால், இடது பக்கக் கிண்ணத்திலும் இதே வேலையைச் செய்ய வேண்டும். டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தவறாமல் மாற்றினால் இந்த நிலை வராது. ஒரு சொட்டு பெயின்ட்டில் பட்டாலும் உரித்துவிடும் என்பதால், பக்கத்தில் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு குறிப்பு. கிண்ணத்தின் மூடியிலுள்ள திருகுகளைச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் திருகினால், தலை மழுங்கிப் பிறகு கழற்றவே முடியாமல் போகும். அவை ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. அந்த அளவு ஸ்க்ரூடிரைவர் ஒன்றும், இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஹேண்டில்பார் கனமாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. என் வண்டியில் ஒரு நாள் முழுக்க ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலிக்கும். திருப்பு அச்சின் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளியை டிரெய்ல் என்பார்கள். கடைகளில் நாம் தள்ளிச்செல்லும் தள்ளுவண்டியின் முன் சக்கரம், திருகிவிட்டாலும் தானே நேராவது இந்த இடைவெளியால்தான். சாய்ந்து திரும்பும் இரு சக்கர வண்டிக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள டிரெய்ல் நிலைத்தன்மையைத் தருகிறது. டிரைக் சாய்வதில்லை. ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்தைக் கையாலேயே திருப்ப வேண்டியிருப்பதால், அதே டிரெய்ல் நம்மை எதிர்த்து நிற்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டிரிபிள் ட்ரீ என்னும் பாகத்தை எடுத்துவிட்டு, நான்கு முதல் ஆறு பாகை கூடுதல் சாய்வு உள்ளதைப் பொருத்தினால் டிரெய்ல் குறைந்து, ஸ்டியரிங் வியக்கத்தக்க அளவு இலகுவாகும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் மெதுவான வேகத்தில் ஹேண்டில்பார் இடவலமாக உதறத் தொடங்கும். உங்கள் கிட் நிறுவனம் சொல்லும் பாகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு முன்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டியிருப்பதால், ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள கழுத்துப் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. குண்டுப் பேரிங்குக்குப் பதில் கூம்பு உருளைப் பேரிங் போட்டால் டிரைக்கின் பக்கவாட்டுச் சுமையை நெடுநாள் தாங்கும். ஒரு துணையாள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஜாக்கியில் விடாமல் ஸ்டாண்டில் இறக்கிவிட்டே கை வையுங்கள்.

பின்னால் இருப்பவை கார் டயர்கள். காரின் எடையில் பாதிகூட இல்லாத வண்டிக்கு, காருக்குரிய காற்றை அடைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையில் பதியும். டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு போட்டு, சமதளத்தில் சிறிது தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. கிட் குறிப்பேட்டில் உள்ள வரம்புக்குள், கோடு முழுவதும் சீராக அழியும் அளவைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினில் அவசரமாகப் பார்க்க வேண்டியது, வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்கள் மட்டுமே. இரண்டு ரப்பர் பெல்ட்கள் உண்டு. ஒன்று அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் வீணாகிவிடும். ஓடிய தூரம் குறைவு என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ரப்பர் வயதாலும் கெடும். முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். எஞ்சினில் உள்ள டைமிங் குறிகளைப் பொருத்தி, கழற்றும் முன் பெயின்ட்டால் தனி அடையாளமும் இட்டு, புதியவற்றை மாட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மீண்டும் சரிபார்த்துவிட்டே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். பொறுமை உள்ளவர் எவரும் செய்யக்கூடிய வேலைதான். கார்புரேட்டர்களைப் பொறுத்தவரை, குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும் முன் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகும்படி சிறிது நேரம் ஓடவிட்டால் போதும்.

நான் இன்றுவரை கை வைக்காதவையும் உண்டு. பின் அச்சைத் தாங்கும் ஃபிரேமின் வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால், அது அந்த வேலை தெரிந்த வெல்டரிடம்தான் போக வேண்டும். டிஃபரென்ஷியலின் உட்பகுதியும், பிரஸ் வைத்து ஏற்ற வேண்டிய பின் சக்கரப் பேரிங்குகளும் அவ்வாறே. டிஃபரென்ஷியல் ஆயில் மாற்றுவதும், டிரைவ் ஷாஃப்டின் பல்லிணைப்புக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ் பூசுவதும் நாமே செய்யக்கூடியவை. ஆனால் எந்த ஆயில், எவ்வளவு என்பது கிட்டுக்குக் கிட் மாறும். உங்கள் வண்டியின் பின்புற ஃபிரேமில், பெரும்பாலும் அச்சுக்கு அருகே, கிட் நிறுவனத்தின் பெயரும் தொடர் எண்ணும் உள்ள தகடு ஒன்று இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு நிறுவனத்தின் பெயரையும் கிட் மாடலையும் மட்டும் இங்கே எழுதுங்கள். என்னிடம் உள்ள குறிப்பேடுகளில் அது இருந்தால் அளவுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.