காவல் நிலையத்துக்குக் காகிதம் வாங்குவது யார் பொறுப்பு?

கேள்வி (மதுரை வாசகர்): என் மகன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடியிருக்கிறான். அவன் வீட்டுக்கு வரும் கவுன்சில் வரிச் சீட்டில் மாநகராட்சிக்கு இவ்வளவு, காவல்துறைக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்று தனித்தனியே அச்சிட்டிருக்கிறார்கள். நான் கட்டும் சொத்து வரியிலிருந்து காவல்துறைக்கு ஏதாவது போகிறதா? சென்ற மாதம் பைக் திருட்டுப் புகார் கொடுக்கப் போனபோது நிலைய ரைட்டர் ஒரு கட்டு ஏ4 காகிதம் வாங்கி வரச் சொன்னதால் எழுந்த சந்தேகம் இது.

பதில்: உங்கள் சொத்து வரியிலிருந்து காவல்துறைக்குக் காலணாவும் போவதில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல், மாநிலப் பட்டியலின் இரண்டாவது இனம். உள்ளாட்சிகளுக்கான 11, 12-ஆவது அட்டவணைகளில் குடிநீரும் தெருவிளக்கும் இருக்கின்றன, நகரங்களுக்குச் சுடுகாடுகூட இருக்கிறது, காவல் இல்லை. ஆகவே காவல்துறைக்கான பணம் மாநில அரசின் தொகுப்பு நிதியிலிருந்துதான் வருகிறது. சோப்பு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பத்திரப் பதிவுக் கட்டணம், மதுக்கடை வருமானம் எல்லாம் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுவதால், உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

சட்டமன்றத்தில் இந்தத் தொகை மானியக் கோரிக்கை எண் 22-ஆக வாக்கெடுப்புக்கு வருகிறது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 10,285 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி சம்பளமும் படிகளும்தான். மீதியில்தான் எரிபொருள், வாகனப் பராமரிப்பு, சீருடை, மின்கட்டணம், பயணப்படி, எழுதுபொருள் அனைத்தும் அடங்க வேண்டும். சம்பளத்தைக் குறைக்க முடியாது என்பதால், நிதித்துறை சிக்கனம் என்று சொல்லும்போதெல்லாம் கத்தி விழுவது இந்த மீதியின் மேல்தான்.

உங்கள் ஏ4 கட்டின் கதை இங்கேதான் தொடங்குகிறது. காவல் நிலையம் என்பது செலவழிக்கும் இடமே தவிர, கையில் பணம் உள்ள இடம் அன்று. செலவுக்குப் பில் போட்டுப் பணம் பெறும் அதிகாரம் மாவட்டக் கண்காணிப்பாளர் அல்லது ஆணையர் அலுவலகத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து தேவைப்பட்டியல் மேலே போய், பொருள் கீழே வர வேண்டும். அதற்கிடையே கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் காவலரின் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும், உரிமை கோரப்படாத பிணத்தை அடக்கம் செய்யும் செலவும் காத்திருக்குமா? முதலில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறார். பில் பாஸாகிப் பணம் கைக்கு வரப் பல மாதமாகும் என்பது துறையில் பணிபுரிந்த யாரும் சொல்லக்கூடிய செய்தி.

இன்னொரு காரணமும் உண்டு. காவல் படைகளை நவீனமயமாக்கும் மத்தியத் திட்டம் 1969 முதல் நடந்துவருகிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு அதன் செலவு மத்திய, மாநில அரசுகளுக்கிடையே 60-க்கு 40 என்று பிரிகிறது. அதில் கருவிகளும் ஆயுதங்களும் வாங்கலாம். காவல் நிலையங்களைக் கணினி வழியே இணைக்க 2009-இல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டத்தின்கீழ் நாடெங்கும் நிலையங்களுக்குக் கணினியும் பிரின்டரும் வந்தன. கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிய முதல் தகவல் அறிக்கை இப்போது பிரின்டரில் அச்சாகிறது. கருவி ஒரு முறை வாங்குவது, திறப்பு விழா உண்டு. டோனரும் காகிதமும் மாதந்தோறும் தீர்வது, அவற்றுக்கு விழா இல்லை. ஆகவே கருவிக்குக் கிடைக்கும் பணம் அதை ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே உள்துறை அமைச்சகத்தின் மானியமும் வீட்டுவரியோடு வசூலாகும் காவல் வரியும் சேர்ந்துதான் ஒரு படையின் வருமானம்; வசதியான சரே மாவட்டத்தில் பாதிக்கும் மேல் உள்ளூர் வரியிலிருந்து வருகிறது, நார்தம்ப்ரியாவில் அது மிகக் குறைவு. அதாவது பணக்கார ஊர் தன் காவலைத் தானே வாங்கிக்கொள்கிறது, ஏழை ஊர் தலைநகரை எதிர்பார்த்திருக்கிறது. வரிச்சீட்டில் தெளிவு இருக்கிறது, ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

உள்ளூரே காவலுக்குக் கூலி கொடுப்பது நமக்கும் புதிதன்று. ஆங்கிலேயர் 1859-இல் மாவட்டக் காவல் சட்டம் கொண்டுவருவதற்கு முன், தென்மாவட்டங்களில் ஊர்க்காவல் செய்தவர்களுக்கு அறுவடையில் நெல்லாகக் காவல்கூலி அளந்தார்கள்; களவு போன மாட்டை மீட்டுத் தர வேண்டும், இயலாவிட்டால் காவல்காரரே ஈடு கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அதே முறையில்தான் துப்புக்கூலியும் வளர்ந்தது: மாட்டைப் பறிகொடுத்தவர், அது இருக்குமிடம் தெரிந்தவருக்கே பணம் கொடுத்து மீட்டுக்கொண்டார். பறிகொடுத்தவரிடமே செலவை வசூலிக்கும் அந்த வாடை ஏ4 கட்டிலும் அடிக்கிறது.

ரைட்டர் கேட்ட காகிதத்தை வாங்கித் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பைக் திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். ஆகவே புகாரைப் பெற்றதற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் வழக்குப் பதிய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): ஹெல்மெட் இல்லாததற்குக் கட்டும் அபராதம் காவல் நிலையத்துக்குப் போகிறதா? கடை விளம்பரத்தோடு நிற்கும் தடுப்பு வேலிகள் யார் பணம்?

பதில்: அபராதம் அரசுக் கணக்குக்குப் போகிறது, எந்த நிலையம் எவ்வளவு வசூலித்தாலும் அதன் ஒதுக்கீடு ஒரு ரூபாயும் அதிகரிக்காது. இந்த ஏற்பாடு நல்லதே. அபராதத்தில் பங்கு என்றால் ஒவ்வொரு முனையும் வசூல் முனையாகிவிடும்.

தடுப்பு வேலி நன்கொடை. சென்னையில் "மூன்றாவது கண்" என்ற பெயரில் வைத்த கேமராக்களிலும் கணிசமானவை வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் செலவழித்து நிறுவியவை. கேமராக்களால் துப்புத் துலங்கிய வழக்குகள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் நகைக்கடையின் பெயர் பொறித்த வேலியைத் தள்ளிவைத்துவிட்டு, அதே கடையின் வாசலில் வரிசை கட்டி நிற்கும் கார்களுக்கு அபராதம் போட வேண்டிய ஏட்டையாவின் நிலையை எண்ணிப் பாருங்கள்.