பாராட்டினால் வழியிறதா நினைச்சுப்பாங்களோ? அக்காவிடம் சில கேள்விகள்

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றிச்சுற்றி வந்தன: பிடித்தவரிடம் மனசார ஒரு நல்ல வார்த்தை சொல்வது எப்படி? பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, எங்கள் டீமில் ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவங்க புடவையில் வரும் அன்று "செம அழகா இருக்கீங்க"ன்னு சொல்லலாமா? (சோழிங்கநல்லூர்)

சொல்லலாம் தம்பி. ஆனால் அதையே லிஃப்டில் ஒருவர், கேன்டீனில் இருவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நீங்கள் நாலாவது ஆள். நீங்கள் கவனித்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். டெமோவில் புதுப் பையன் திணறியபோது அவர் பேச்சைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு காப்பாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். "நேத்து அவனை விட்டுக்கொடுக்காம சமாளிச்சீங்களே, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உங்கள் டீயைக் குடியுங்கள். என்ன பதில் வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பாதி வழிசல் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

புடவையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்றால் புடவையோடு நிறுத்துங்கள். "இந்த அரக்கு பார்டர் எடுப்பா இருக்கு" போதும். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட வேண்டாத பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும். நீங்கள் டீம் லீட் என்றால் இன்னும் கவனம். அவருடைய அப்ரைசல் உங்கள் கையில் இருக்கும்போது, அவர் பிடித்துச் சிரித்தாரா, வேறு வழியில்லாமல் சிரித்தாரா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

அவள் போடும் எல்லா ஸ்டேட்டஸுக்கும் ஹார்ட் போடுகிறேன். பதிலே இல்லை. (திருச்சி)

எல்லாவற்றுக்கும் போட்டால் எதையுமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நிறுத்திவிட்டு, நேரில் பார்க்கும்போது பேசுங்கள்.

பெண்கள் முதலில் பாராட்டலாமா அக்கா? அலையிறான்னு நினைச்சுட்டா? (மதுரை)

தாராளமாகச் சொல்லும்மா. நம்மூரில் ஆண்பிள்ளைகளை யாரும் லேசில் பாராட்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்குக் கிடைத்ததுதான் பலருக்குக் கடைசி. "இந்த நீலச் சட்டை உனக்கு நல்லா இருக்கு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பார். அப்புறம் அந்தச் சட்டை காலர் நைந்துபோகும் வரைக்கும் வரும். ஒரு பாராட்டுக்கே உன்னைத் தப்பாக நினைக்கிற ஆள் என்றால், அது சீக்கிரம் தெரிவதும் உனக்கு நல்லதுதான்.

நிச்சயம் முடிந்து தினமும் போனில் பேசுகிறோம். என்ன பாராட்டினாலும் "சும்மா சொல்றீங்க, ஐஸ் வைக்காதீங்க" என்கிறாள். நம்ப வைப்பது எப்படி? (ஈரோடு)

நம்ப வைக்கப் போகாதீர்கள். நம் வீடுகளில் பெண்ணை நேருக்கு நேர் பாராட்டினால் திருஷ்டி பட்டுவிடும் என்று சொல்லியே வளர்க்கிறார்கள். "நல்லா சமைச்சிருக்கே" என்றால் "உப்பு கொஞ்சம் கம்மி" என்று பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். இரண்டாம் தடவை வாதாடினால் அது வழக்காகிவிடும்.

இன்னொன்று. நீங்கள் எழுதி அனுப்பியவற்றைப் பார்த்தேன்: தேவதை, நிலா, உலக அழகி. இதைக் கேட்டால் எனக்கே சும்மா சொல்வதாகத்தான் தோன்றும். போன வாரம் அவர் தன் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் போனை எடுத்தார் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொன்னீர்களா? "பாட்டியை முதல்ல பார்த்துட்டு வந்தியே, அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றால் ஐஸ் என்று எப்படிச் சொல்வார்?

"மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல நீ" என்றேன். கோபித்துக்கொண்டாள். (நாகர்கோவில்)

இந்தச் சண்டை வள்ளுவர் காலத்திலேயே நடந்துவிட்டது. 1314ஆம் குறளில் ஒருவன், யாரையும்விட உன்மேல் காதல் அதிகம் என்கிறான். அவளோ, யாரைவிட, யாரைவிட என்று கேட்டு ஊடிவிடுகிறாள். பாவம், அவன் நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். ஒப்பிட்டால், இல்லாத ஓர் ஆளை நடுவில் கொண்டுவந்து உட்கார வைக்கிறீர்கள். "அக்காவைவிட நீ அழகு", "என் பழைய ஆளைவிட நீ பொறுமை" எல்லாம் இந்தக் கணக்குதான். பேச்சில் அவர் மட்டும் இருக்கட்டும்.

"மெலிஞ்சு அழகாயிட்டே", "கலர் வந்துடுச்சு" இதெல்லாம் பாராட்டுதானே? (சேலம்)

இல்லை. முன்னால் அழகாக இல்லை என்பதுதான் அவர் காதில் விழும்.

தைரியத்தை வரவழைத்து "நீங்க பேசுறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன். "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இது யெஸ்ஸா நோவா? (தாம்பரம்)

தேங்க்ஸ்தான். நீங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லையே, அவர் எதற்கு யெஸ், நோ சொல்ல வேண்டும்? ஒருநாள் காபிக்கு வருவீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதைத் தனியாகக் கேளுங்கள். முடியாது என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். சொன்ன பாராட்டைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை, அவர் பேச்சு அப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.