"ஆர்டர் வரட்டும், பார்க்கலாம்"

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மாற்றலாகிப் போவது எங்களுக்குப் புதிதில்லை. பெட்டி கட்டுவது, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்ப்பது, புது குவார்ட்டர்ஸில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் பழகிவிட்டது. சொல்லப்போனால் ஊர் மாறும் வேலையில் நான் கெட்டிக்காரி. இந்த முறை எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இங்கே அவர் இருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. அவரோடு வந்தவர்களில் பலர் போஸ்டிங் ஆர்டர் வந்து கிளம்பியும் விட்டார்கள். எங்களுக்கு இன்னும் வரவில்லை. குடும்பத்தோடு போகும் இடமா, அவர் மட்டும் போக வேண்டிய இடமா என்பதுகூடத் தெரியாது. மனைவிமார் வாட்ஸ்ஆப் குழுவில் தினம் ஒரு வதந்தி. ஒருவர் மலைப்பகுதி என்கிறார், இன்னொருவர் எல்லாம் தள்ளிப்போகும் என்கிறார்.

வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "ஆர்டர் வரட்டும், பார்க்கலாம்" என்பதுதான் பதில். ஜன்னல் திரை கிழிந்து தொங்குகிறது, மாற்றவில்லை. மகனுக்குப் பல்லைக் காட்ட வேண்டும், காட்டவில்லை. பக்கத்துப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை வந்தது. பாதியில் விட்டுப்போக வேண்டியிருக்கும் என்று வேண்டாம் என்றேன். அவர் போன் அடித்தால் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்க்கிறோம்.

பெரிய கவலை மகளைப் பற்றித்தான். கூடைப்பந்து அணியிலிருந்து விலகிவிட்டாள். நெருங்கிய தோழியின் பிறந்தநாளுக்குக்கூடப் போகவில்லை. கேட்டால், "எப்படியும் விட்டுட்டுத்தானே போகப் போறோம், எதுக்கும்மா?" என்கிறாள். கணவரிடம் பேச்செடுத்தால், "எனக்கே தெரியாததை உனக்கு எப்படிச் சொல்றது?" என்று எழுந்து போய்விடுகிறார். எனக்கு இரவில் சரியான தூக்கம் இல்லை. அவர் எல்லைப் பணியில் இருந்தபோதுகூடத் தைரியமாக இருந்தவள் நான். இப்போது ஏன் இப்படி? பொறுமை போய்விட்டதா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பொறுமைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் தெரியும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஷாக் அடிக்கும். ஷாக் நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம் என்று சரிபாதியாக இருந்த நேரத்தில்தான் அதில் கலந்துகொண்டவர்கள் அதிகம் பதறினார்கள். அவர்கள் வாயால் சொன்னது மட்டுமில்லை, வியர்வையும் கண்பாவை விரிந்ததும் அதையே காட்டின. எல்லைப் பணியின்போது நிலைமை கடினம், ஆனால் இன்னது என்று தெரியும். இப்போது உங்கள் குடும்பம் அந்தச் சரிபாதியில் நிற்கிறது.

ஆகவே "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லப் போவதில்லை. ஆர்டர் எப்போது வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் அந்த ஆர்டரின்மேல் எத்தனை விஷயங்களை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதுப் பள்ளி, புது வீடு, சாமான் அனுப்புவது ஆகியவை உண்மையிலேயே அதற்குக் காத்திருக்க வேண்டியவை. திரைக்கு என்ன வந்தது? நாளைக்கே மாற்றுங்கள். பல் விஷயம் நடுவில் இருக்கிறது. கம்பி கட்ட வேண்டுமென்றால் அது மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சை, அதைத் தள்ளிப்போடுவதில் நியாயம் உண்டு. சொத்தைப் பல் என்றால் இல்லை. எதுவென்று தெரியவாவது இப்போதே காட்டுங்கள். எக்ஸ்ரேயையும் டாக்டர் எழுதிய குறிப்பையும் கையோடு வாங்கி வைத்துக்கொண்டால் போகிற ஊரிலும் உதவும்.

உங்கள் கணவர் எழுந்து போவதை அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. வேலையில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்து பழகியவருக்கு, வீட்டில் தினமும் "தெரியாது" என்று சொல்வது சின்னத் தோல்வி மாதிரி இருக்கும். அவரால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். "எப்போது வரும்?" என்பதை விட்டுவிட்டு, "நீங்கள் மட்டும் போகவேண்டி வந்தால் நாங்கள் எங்கே இருப்பது?" என்று ஆரம்பியுங்கள். வாடகை, பள்ளி, மாமனார் மாமியார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதுங்கள். சேர்ந்து போவதானால் என்ன என்று இன்னொரு தாள். எது நடந்தாலும் ஒரு தாள் வீணாகும், ஆகட்டும்.

வாட்ஸ்ஆப் குழுவை மியூட் செய்யுங்கள். அங்கே எழுதும் யாரும் ஆர்டர் போடுகிறவர் இல்லை. ஒருமுறை எடுத்துப் பார்த்தால் பத்து நிமிடம் ஆறுதல், பிறகு மறுபடி கை அரிக்கும். கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கும் முறையும் இருக்கிறது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1983-இல் சோதித்துப் பார்த்தது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைப்படுவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த அரை மணிக்குத் தள்ளிவைப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கவலைப்படாதே என்று மனதை விரட்டுவதைவிட, அப்புறம் என்று சொல்வது சுலபம். தூங்கும் அறையையும் படுக்கப் போகும் நேரத்தையும் மட்டும் இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகளுக்கு வருவோம். கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987-இல் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் மனைவியரைப் பற்றி எழுதிய கட்டுரையில், கணவர் கப்பலேறும் முன்பே அவர்கள் மனதளவில் விலகத் தொடங்குவதை ஒரு தனிக் கட்டமாகவே குறிப்பிட்டார். பிரிவு வலிக்கும் என்று தெரிந்தால், மனம் முன்கூட்டியே கதவைச் சாத்திக்கொள்கிறது. உங்கள் மகள் அணியை விட்டதும் தோழி வீட்டுக்குப் போகாததும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"அங்கே போனால் புது ஃபிரெண்ட்ஸ் கிடைப்பார்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒவ்வொரு மாற்றலிலும் அதைக் கேட்டிருப்பாள். கிடைத்தும் இருப்பார்கள், அவர்களையும் விட்டு வந்திருப்பாள். "ஆமாம்மா, போகத்தான் போகிறோம். உன் தோழியை விட்டுப் போவது உனக்குக் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவள் அழுதால் அழட்டும், சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். அணியில் மறுபடி சேரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் தோழியிடமிருந்து சொல்லிக்கொள்ளாமல் நழுவிப் போக விடாதீர்கள். ஒரு நாள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழையுங்கள், பிறந்தநாள் பரிசை அப்போது கொடுக்கட்டும்.

அடுத்து பத்தாம் வகுப்பு. அவர் தனியாகப் போகவேண்டி வந்தால் நீங்கள் மூவரும் இங்கேயே இருந்து அவள் படிப்பை முடிப்பதா என்று அவளையும் கேளுங்கள். முடிவு உங்களுடையது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவள் சொல்வதைக் கணக்கில் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம், அது இன்னும் மோசம். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஏதாவது சொன்னாலோ, ஆர்டருக்காகவெல்லாம் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் தூக்கத்துக்கும் இதேதான், மேலே சொன்னதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்.

மகனைப் பற்றிப் பல்லைத் தவிர நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் கேட்காத மாதிரி எல்லாவற்றையும் கேட்பார்கள். எங்கே என்று தெரியாது, ஆனால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது தெரியும் என்று அவனிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்த ஆசிரியை வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான், நீங்களோ ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சில மாதம் பார்த்தாலும் அனுபவம் அனுபவம்தான், அடுத்த ஊரில் விண்ணப்பிக்கும்போது எழுத ஒரு வரி கிடைக்கும். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், மாற்றல் வரலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று நேராகச் சொல்லுங்கள். ஏற்பதும் மறுப்பதும் பள்ளியின் பொறுப்பு, அவர்களுக்காக நீங்களே மறுக்க வேண்டியதில்லை. அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள்.