மாங்கூழ் ஆலைச் செய்தி பத்திரிகையில் வரவில்லை என்று கேட்டவருக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் மாங்கூழ் ஆலை திறந்து, ஐந்து நிருபர்களுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பியும் ஒருவரும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் ‘ஆலை திறந்தோம்’ என்பதை அவர்கள் விளம்பரமாகத்தான் பார்ப்பார்கள் நண்பரே.

ஜூனில் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் வரத்து கூடி விலை சரியும்போது கிருஷ்ணகிரி நிருபர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். அன்று கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீர்கள், எத்தனை டன் அரைக்கிறீர்கள், கூழ் ஏற்றுமதி எப்படிப் போகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். விவசாயிகள் விலை போதவில்லை என்று மறியல் செய்யும் நாளிலும் போனை எடுங்கள். அன்றைக்குப் பேசுகிற ஆலைக்காரரை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

மாலையில் செய்தி அனுப்பும் அவசரத்தில் இருப்பார்கள், காலையிலேயே கூப்பிடுங்கள். பணம் வைத்த கவரை மட்டும் நீட்டிவிடாதீர்கள். நேர்மையானவருக்கு அது அவமானம். இந்த வாரமே ஒருவரைச் சந்தித்து, எதுவும் கேட்காமல் டீ குடித்துப் பேசிவிட்டு வாருங்கள்.