மீந்த எஸ்ட்ரியால் கிரீமை முகத்துக்குத் தடவலாமா?

ஆச்சி, பிறப்புறுப்பு வறட்சிக்கு எழுதிக்கொடுத்த எஸ்ட்ரியால் கிரீம் மீந்திருக்கிறது, முகச் சுருக்கத்துக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எஸ்ட்ரியால் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் தோலைக் கொஞ்சம் தடிப்பாக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் இந்தக் கிரீம் முகத்துக்கென்று அங்கீகரித்த மருந்தல்ல. தோல் வழியே ரத்தத்திலும் சேரும். மார்பகப் புற்று, ரத்தக்கட்டு, காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்திருந்தால் பேச்சே வேண்டாம். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு அதன் உட்சவ்வு தடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மங்கு, முகத்தில் படரும் கருந்திட்டு. காரைக்குடி வெயிலில் மாடியில் வடகம் காயப்போடுகிற முகத்தில் ஈஸ்ட்ரோஜன் கருமையைக் கிளப்பிவிடலாம். அந்தச் சுருக்கத்தில் பாதி வெயிலின் வேலையாகவும் இருக்கும்!

தோல் மருத்துவரிடம் ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் என்னும், சுருக்கத்துக்கான வைட்டமின் ஏ வகைக் கிரீம் பற்றிக் கேளுங்கள். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பட்டாணி அளவு, வாரம் 2 இரவு. ஈரத்தில் தடவினால் எரியும். உரிந்தால் ஒரு இரவைக் குறையுங்கள். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம்.

மருத்துவரே எஸ்ட்ரியால் எழுதினால், தடவிய கையைக் கழுவுங்கள். முகம் கழுவும்வரை பேரப்பிள்ளைகளைக் கன்னத்தோடு ஒட்டிக் கொஞ்ச வேண்டாம், மருந்து அவர்கள் தோலிலும் ஏறும்.